மின்வெட்டில் வழிந்த சம்ப்: வீட்டுப் பவளத் தொட்டி ஒன்றின் குழாய் வேலை

நடந்தது

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம். வரவேற்பறையில் நான்கடி கடல்நீர்த் தொட்டி. அதன் கீழே பிளைவுட் கேபினெட்டுக்குள் சம்ப், அதாவது மேல்தொட்டியின் நீர் இறங்கி வந்து வடிகட்டப்பட்டுத் திரும்ப மேலே ஏறும் கீழ்த்தொட்டி. மே மாதத்து இரவு ஒன்றில் மின்சாரம் போனது. வீட்டு இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கியது. ஃபேன்கள் எல்லாம் ஓடியதால் பேட்டரி நள்ளிரவு தாண்டிக் காலியாகி, நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றது. மின்சாரம் திரும்பி வந்த நொடியிலேயே, மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் வீட்டின் ஆர்.சி.சி.பி. விழுந்தது. என்னவென்று பார்க்க டார்ச்சோடு வந்த வீட்டுக்காரர் கால் வைத்த இடமெல்லாம் உப்புத் தண்ணீர். கேபினெட் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் போர்டு பாதி மூழ்கியிருந்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

விடிந்ததும் அவர் செய்தது எல்லோரும் செய்யக்கூடியதுதான். சம்ப்பில் மட்டம் குறைந்திருந்தது. தினமும் ஆவியாவதற்கு ஈடாகச் சேரும் ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றி நிரப்பிவிட்டார். ஆனால் தரைக்குப் போனது உப்போடு சேர்ந்த நீர். மொத்தக் கொள்ளளவு சுமார் 300 லிட்டர். அதில் 19 லிட்டர் கடல்நீர் போய் நன்னீர் வந்தால் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-லிருந்து 33-க்கும் கீழே இறங்கும். ரிஃப்ராக்டோமீட்டரும் அதையேதான் காட்டியது. பூப்போல விரியும் ஜோவாந்திட்கள் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை, லெதர் பவளம் சுருங்கி நின்றது. அதன் பிறகு, ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சில நாட்கள் உப்புநீரையே ஊற்றி மெதுவாக மேலே கொண்டுவந்தோம். உயிரிழப்பு எதுவும் இல்லை. கீழ் வீட்டு மேற்கூரையில் ஒரு கறை, அதைத் தொடர்ந்து ஒரு மனத்தாங்கல், அவ்வளவுதான்.

"பம்ப் நல்ல பம்ப்தானே தம்பி, சம்ப்பும் பெருசுதானே, அப்புறம் எப்படி?" என்று குழாயைப் பார்க்கப் போன என்னிடம் வீட்டுக்காரர் கேட்டார். இரண்டும் உண்மைதான். கோளாறு இருந்தது இரண்டையும் இணைக்கும் குழாயில்.

பழைய இணைப்பு

மேல்தொட்டியின் உள்ளளவு 118 செ.மீ. நீளம், 48 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். பின்மூலையில் 18-க்கு 18 செ.மீ. ஓவர்ஃப்ளோ பெட்டி, அதன் மேல்விளிம்பில் நீர் வழிந்து உள்ளே விழச் சீப்புப் பற்கள். பெட்டியின் அடியில் இரண்டு ஓட்டைகள். ஒன்றில் ஒரு இஞ்ச் டேங்க் கனெக்டர், தண்ணீர் இறங்க. மற்றதில் முக்கால் இஞ்ச், பம்ப்பிலிருந்து மேலே ஏற. கடையில் 'ரீஃப் ரெடி' என்று சொல்லி விற்கும் தொட்டிகளில் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

சம்ப்பின் உள்ளளவு 73-க்கு 38 செ.மீ., உயரம் 39. கொளத்தூரில் சொல்லிச் செய்தது, கண்ணாடி வேலை சுத்தமாகவே இருந்தது. முதல் 48 செ.மீ.யில் ஃபில்டர் சாக்கும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரும். குமிழி தடுக்கும் கண்ணாடிகளைத் தாண்டி, கடைசி 25 செ.மீ.யில் ரிட்டர்ன் பம்ப்.

இந்தத் தொட்டியில் இருப்பவை மென்பவளங்களும் சில கோமாளி மீன்களும்தான். பாறை எல்லாம் பீங்கானில் செய்தது. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டுப் பாறை எடுத்து வந்தால்கூட அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பாறை கட்டும் பவளங்கள் 2001-லேயே அட்டவணை 1-க்குப் போய்விட்டன. "ஒரிஜினல் லைவ் ராக்" என்று குரலைத் தாழ்த்திப் பேசும் விற்பனையாளர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குழாய்க்கு வருவோம். இறங்கும் குழாய் ஒன்றே ஒன்று. ஏறும் குழாயில் பம்ப்புக்கு மேலே ஒரு என்.ஆர்.வி., அதாவது நீரைத் திரும்பி வரவிடாத வால்வு. மேலே போய் இரண்டு வளையும் நாஸில்களாகப் பிரிகிறது. அடியில் அழுக்கு தங்கக் கூடாது என்று நாஸில்கள் இரண்டும் கீழ்நோக்கி வளைத்து விடப்பட்டிருந்தன. வாய் நீர்மட்டத்துக்கு 9 செ.மீ. கீழே இருந்தது. இந்த 9 செ.மீ.தான் அன்று தரைக்கு வந்தது.

நின்றால் எவ்வளவு இறங்கும்?

பம்ப் நின்றதும் மேலேயிருந்து தண்ணீர் இரண்டு வழியில் இறங்கும். சீப்புப் பல் வழியாக, பல்லின் அடிமட்டம் வரைக்கும் இறங்கி அது தானாக நின்றுவிடும். இன்னொன்று ரிட்டர்ன் குழாய் வழியே தலைகீழாக. மேலே தண்ணீர் தள்ளிய அதே குழாய், பம்ப் நின்ற கணத்தில் சைஃபனாக மாறி மேல்தொட்டியைக் காலி செய்யத் தொடங்கும். நாஸிலின் வாய்க்குள் காற்று புகும்வரை அது நிற்காது.

மேல்தொட்டியின் பரப்பு, மூலைப் பெட்டியைக் கழித்தால், 5,340 சதுர செ.மீ. ஒரு செ.மீ. உயரம் இறங்கினால் 5.3 லிட்டர். ஒன்பது செ.மீ.க்கு 48 லிட்டர். குழாய்க்குள் நிற்பது, ஸ்கிம்மரின் உடம்பிலிருந்து வடிவது எல்லாம் சேர்த்து இன்னும் 4. ஆக 52 லிட்டர் கீழே வரும்.

கீழே இடம் எவ்வளவு? தடுப்புக் கண்ணாடி 28 செ.மீ. உயரம், ஆகவே முதல் பகுதியில் ஓடும் மட்டமும் அதுவே. விளிம்புவரை மிச்சம் 11 செ.மீ., அதாவது 20 லிட்டர். பம்ப் அறையில் மட்டம் 25. அங்கே மிச்சம் 13 லிட்டர். மொத்தம் 33. ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்து மூன்றைக் கழித்தால் 19. தரையில் இருந்தது அதுதான். நான் அளந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அப்படியானால் எட்டு மாதம் ஏன் வழியவில்லை? இரண்டு காரணம். ஒன்று, ரிட்டர்ன் பம்ப் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. மின்சாரம் போனாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொன்று என்.ஆர்.வி. எப்போதாவது பம்ப்பை நிறுத்திச் சுத்தம் செய்தபோது அது ஒழுங்காக மூடிக்கொண்டது. அன்று இரவு மூடவில்லை. பிரித்துப் பார்த்தபோது அதன் மூடி உட்காரும் விளிம்பில் சுண்ணாம்புப் படிவும், நகத்தளவு நத்தை ஒன்றும் இருந்தன. கால்சியமும் காரத்தன்மையும் மிகுந்த நீரில் வெள்ளைப் படிவு வருவது இயற்கை. பவளத்துக்கு வேண்டியதே அதுதானே. நல்ல தண்ணீருக்கென்று செய்த வால்வு இதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. என்.ஆர்.வி.யைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதை நம்பி சம்ப்பின் இடத்தைக் கணக்கிடுபவர்களோடுதான்.

நாஸிலுக்குச் சற்று மேலே குழாயில் சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து சைஃபன் முறியும் என்பார்கள். முறியும், ஓட்டை திறந்திருந்தால். வெளிச்சம் படுகிற இடத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டையைப் பாசி அடைக்க அதிக நாள் ஆகாது. நாஸிலின் வாயையே மேலே தூக்கிவிடுவதுதான் நேர் வழி.

பாதி மூடிய வால்வு

வழிவுக்குக் காரணம் கண்டாயிற்று. ஆனால் கேபினெட்டைத் திறந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுவல்ல. இறங்கும் ஒரே குழாயில் ஒரு பால் வால்வு, பாதிக்கு மேல் மூடிய நிலையில்.

"அது சத்தத்துக்காக வெச்சது தம்பி. திறந்துவிட்டா டிவி கேக்காது."

ஒற்றைக் குழாயில் தண்ணீர் இறங்கும்போது நீர் குழாயின் சுவரையொட்டிச் சுற்றி விழும். நடுவே காற்றும் இழுபட்டுப் போகும். கொடகொடவென்ற சத்தம் அந்தக் காற்றுடையது. டர்சோ குழாய் என்று ஒன்று உண்டு: மேலே ஒரு டீயும் மூடியும் வைத்து, மூடியில் காற்றுக்கு ஓட்டை விட்டு இதைத் தணிப்பார்கள். ஓட்டம் குறைவாக இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஓட்டம் கூடினால் அதுவும் இரையும்.

வால்வைப் பாதி மூடினால் குழாய் முழுக்க நீர் நிறைந்து சைஃபனாக ஓடும். சைஃபனில் காற்று இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. அந்த அமைதியைக் கேட்டதும் கண்டுபிடிப்பு செய்த மகிழ்ச்சி வந்துவிடுகிறது. உண்மையில் இதுதான் அமைதியான அமைப்புகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரே ஒரு பிசகு: இரண்டாவது குழாய் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பாதி மூடிய வால்வின் இடுக்கில் ஒரு பாசித் துண்டோ நத்தையோ மாட்டினால் போதும், பம்ப் தள்ளும் நீர் இறங்க வழியில்லாமல் மேல்தொட்டியின் விளிம்பைத் தாண்டும். அன்று வழிந்தது சம்ப். இந்த வால்வை அப்படியே விட்டிருந்தால் அடுத்து வழிந்திருக்கப்போவது மேல்தொட்டி.

இரண்டு ஓட்டையை மாற்றி யோசித்தது

தண்ணீரும் உயிர்களும் உள்ள தொட்டியில் புதிதாக ஓட்டை போட முடியாது. டஃபன் செய்த, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய, கண்ணாடியாக இருந்தால் காலித் தொட்டியில்கூட முடியாது, நொறுங்கிவிடும். ஆகவே இருக்கிற இரண்டு ஓட்டைக்குள்தான் தீர்வு.

பவளத் தொட்டிக்காரர்கள் ஹெர்பி என்று சொல்லும் முறையை எடுத்துக்கொண்டோம். ஒரு இஞ்ச் ஓட்டை முழு சைஃபன். அதன் கீழ்முனைக்கு அருகில் கேட் வால்வு. ரிட்டர்னுக்காகப் போட்ட முக்கால் இஞ்ச் ஓட்டையை அவசர வடிகாலாக மாற்றினோம். ரிட்டர்ன் குழாய் இனி ஓட்டை வழியாக வராது. தொட்டியின் பின்பக்கமாக ஏறி, விளிம்பின் மேல் வளைந்து இறங்கும். பார்க்க அவ்வளவு அழகில்லை என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு வண்ணம் இருந்ததால் குழாய்க்கும் கறுப்பு அடித்து முடித்தோம். நீருக்குள் இருக்கும் பகுதிக்கு மட்டும் வண்ணம் இல்லை.

மூன்று ஓட்டை இருந்திருந்தால் பீன் அனிமல் முறைக்குப் போயிருப்பேன்: முழு சைஃபன் ஒன்று, மிச்சத்தை வாங்கிக்கொள்ளும் திறந்த குழாய் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. பம்ப்பின் ஓட்டம் சற்று ஏறி இறங்கினாலும் நடுக்குழாய் அதைத் தானே சமன் செய்துவிடும். ஹெர்பியில் அந்தத் தாராளம் கிடையாது. சைஃபனின் ஓட்டம் விழும் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பெட்டியில் மட்டம் 5 செ.மீ. ஏறினால், 80 செ.மீ. வீழ்ச்சியில் உயரம் 6 சதவீதம் கூடும், ஓட்டமோ சுமார் 3 சதவீதம்தான் கூடும். அதாவது வால்வைத் திருப்பி வைத்த இடம் பம்ப்பின் ஓட்டத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் திருப்பு பால் வால்வில் இந்த நுணுக்கம் கைக்கு வராது. கேட் வால்வு பல சுற்று சுற்றி மூடுவது, அதில் வரும்.

பெட்டிக்குள் உயரங்கள் இப்படி அமைந்தன. அவசரக் குழாயின் திறந்த வாய், சீப்புப் பல்லின் அடிக்கு 3 செ.மீ. கீழே. ஓடும்போது பெட்டியின் மட்டம் அந்த வாயை ஒட்டி நிற்கும். சைஃபனின் வாய் அதைவிட 12 செ.மீ. தாழ. மேலாக வைத்தால் சுழல் உண்டாகிக் காற்றை உறிஞ்சும். அதிகம் தாழ்த்தினால், பம்ப் நின்றபின் பெட்டி முழுக்கக் கீழே வந்துவிடும்.

அவசரக் குழாயில் வால்வு கிடையாது. யார் கேட்டாலும் கிடையாது. அதன் கீழ்முனை சம்ப்பின் நீருக்கு மேலேயே நிற்கிறது. அதில் தண்ணீர் வந்தால் சளசளவென்று சத்தம் வரும், வரட்டும். அதுதான் எச்சரிக்கை மணி. சிலர் எப்போதும் ஒரு சின்னத் தாரை அதில் ஓடும்படி வைக்கிறார்கள், அப்படி வைத்தால் வால்வை அடிக்கடி திருத்த வேண்டாம் என்பது அவர்கள் வாதம். வாதம் சரிதான். ஆனால் எப்போதும் சத்தமிடும் மணியை யார் கவனிப்பார்கள்?

சம்ப்பிலும் ஒரு மாற்றம். தடுப்புக் கண்ணாடியின் சிலிகானை பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, 23 செ.மீ. உயரக் கண்ணாடி ஒட்டினோம். ஸ்கிம்மர் அதுவரை ஒரு டைல்ஸ் துண்டின் மேல் ஏறி நின்றது. இப்போது தரையிலேயே நிற்கிறது. பம்ப் அறையின் ஓடும் மட்டம் 18 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம்.

கடையில்

இந்த வேலையில் ஆட்களைத் தடுமாற வைப்பது தத்துவம் அல்ல, அளவுகள். 'ஒரு இஞ்ச் பைப்' என்று கேட்டால் நம் ஊரில் மூன்று விதமாகக் கிடைக்கும். வீட்டு பிளம்பிங்குக்கான வெள்ளை யு.பி.வி.சி.யின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. வெந்நீருக்கான சந்தன நிற சி.பி.வி.சி.யில் அதே ஒரு இஞ்ச் 28.6 மி.மீ. விவசாயத்துக்கான மில்லிமீட்டர் பைப்பில் அதற்கு நெருங்கியது 32. ஒன்று மற்றொன்றின் ஃபிட்டிங்கில் உட்காராது. சீனாவிலிருந்து வரும் டேங்க் கனெக்டர்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவு. அமெரிக்க அளவில் செய்தவை இஞ்ச்.

பழைய வேலையில் நடந்ததும் இதுதான். கனெக்டர் 32 மி.மீ., கையில் இருந்த பைப் 33.4. பிளம்பர் பைப்பின் முனையை நெருப்பில் காட்டி இளக்கி உள்ளே திணித்து, மேலே எபாக்சி பூசியிருந்தார். வீட்டு மொட்டைமாடி டேங்க்குக்கு இது பல வருஷம் ஓடும். அவர் திறமையைக் குறை சொல்வதற்கில்லை. அவரிடம் யாரும் கனெக்டரின் அளவைச் சொல்லவில்லை. ஆனால் இங்கே அந்த மூட்டுக்கு மேலே 240 லிட்டர் நிற்கிறது. இரண்டு கனெக்டர்களையும் கழற்றி, வெள்ளை பைப்புக்குப் பொருந்தும் இஞ்ச் அளவிலேயே புதிதாக வாங்கினோம். வாங்கும் முன் கண்ணாடி ஓட்டையை வெர்னியரால் அளந்துகொண்டு போனது நல்லதாயிற்று. கனெக்டரின் குழாய் அளவு ஒன்றாக இருந்தாலும் அது கேட்கும் ஓட்டை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது.

அடுத்தது பித்தளை. திருகு வரும் இடத்திலெல்லாம் நம் பிளம்பர்கள் கையோடு எடுப்பது பித்தளை மரை பதித்த எல்போவும், வெளிமரை அடாப்டரான எம்.டி.ஏ.வும். குளியலறைக்கு அது சிறந்தது. பவளத் தொட்டியில் விஷம். பித்தளையில் செம்பு இருக்கிறது. கடல்நீர் அதைக் கரைக்கும். பவளமும் இறாலும் நத்தையும் செம்பின் மிகச் சிறிய அளவையே தாங்கா. கடையில் எளிதில் கிடைக்கும் கேட் வால்வும் உலோகம்தான். பிளாஸ்டிக் கேட் வால்வு பாரிமுனையில் ஒரு தெரு முழுக்கக் கேட்டும் கிடைக்காமல் வீட்டுக்காரர் இணையத்தில்தான் வாங்கினார். ஹோஸ் கிளாம்ப் எஃகில் வந்தால் துருப்பிடிக்கும். நைலான் கிளாம்ப் வாங்கிக்கொள்ளலாம்.

ஒட்டியது

சம்ப் வெளியே இருந்த இரண்டு நாளும் மேல்தொட்டி, நீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் இரண்டோடு தனியாக ஓடியது. இதற்குப் பயப்படத் தேவையில்லை, நீர் சுழன்றுகொண்டிருந்தால் ஆக்சிஜன் கிடைக்கும். மூலைப் பெட்டியைக் காலி செய்துதான் கனெக்டரை மாற்ற முடியும் என்பதால், மேல்தொட்டியின் மட்டத்தைப் பல்லுக்குக் கீழே இறக்கி வைத்திருந்தோம்.

கனெக்டரின் ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விழுவது கனெக்டரில் மட்டுமல்ல, கண்ணாடியிலும் விழலாம்.

எல்லாவற்றையும் ஒட்டாமல் ஒருமுறை சேர்த்துப் பார்த்து, மூட்டுகளில் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டோம். ஹேக்ஸாவால் அறுத்த பைப்பின் முனையில் பிசிறு எடுத்து, உப்புத்தாள் போட்டு, சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, கால் திருப்பு திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்தது. பிடிக்காமல் விட்டால் பைப் மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும். யூனியன் இரண்டே இடத்தில்: கேட் வால்வுக்கு மேலே ஒன்று, பம்ப்புக்கு மேலே ஒன்று. வால்வையும் பம்ப்பையும் கழற்றிக் கழுவ முடியாத இணைப்பு ஒரு வருஷத்தில் அறுத்துப் போட வேண்டிய இணைப்பு.

பழைய வடிகாலில் 40 செ.மீ. மட்டமான ஓட்டமும் இரண்டு நேர்கோண எல்போவும் இருந்தன. படுத்த குழாயில் காற்று தங்கும், சைஃபன் பிடிக்கத் தாமதமாகும். நாற்பத்தைந்து டிகிரி எல்போ இரண்டு வைத்துச் சரிவாக இறக்கினோம். வடிகாலின் முனை முன்பு சாக்குக்குள் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போய் நின்றது. அவ்வளவு ஆழத்திலிருந்தால் குழாயில் சிக்கிய காற்று வெளியேறத் திணறும். இப்போது 2 செ.மீ. மட்டுமே மூழ்கியிருக்கிறது. முதல் பகுதியின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்திருப்பதால் இந்த 2 செ.மீ. ஆவியாதலால் மாறாது.

பம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு சாண் சிலிகான் ஹோஸ். இது இல்லாவிட்டால் பம்ப்பின் அதிர்வு பைப் வழியே கேபினெட் முழுக்க ரீங்கரிக்கும். ஒளி ஊடுருவும் ஹோஸ் என்பதால் கறுப்பு டேப் சுற்றினோம், உள்ளே பாசி பிடிக்காதிருக்க.

சோதனை

ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, குழாயைத் தொட்டியோடு சேர்க்காமல் நன்னீர் விட்டு ஒழுகல் பார்த்து, அலசி ஊற்றிவிட்டுத்தான் கடல்நீர்.

முதலில் உண்மையான ஓட்டத்தை அளந்தோம். பம்ப்பின் பெட்டியில் மணிக்கு 3,000 லிட்டர் என்று இருக்கும். அது நீரை ஏற்ற வேண்டிய உயரமே இல்லாதபோது. ரிட்டர்ன் முனையை வாளியில் பிடித்தால் 10 லிட்டர் நிறைய 22 விநாடி, அதாவது மணிக்கு 1,640 லிட்டர் அளவில். மேல்தொட்டியின் நீரை ஒரு மணியில் ஆறேழு முறை சம்ப் வழியாகச் சுற்றுகிறது, போதும். பவளங்களுக்கு வேண்டிய வேகத்தை வேவ்மேக்கர் தரும், அதற்காக ரிட்டர்ன் பம்ப்பைப் பெரிதாக்குவது சத்தத்தையும் சூட்டையும் விலைக்கு வாங்குவது. சென்னைக் கோடையில் சூடு ஏற்கெனவே இலவசம்.

ஒரு இஞ்ச் சைஃபன் இந்த உயரத்தில் முழுதாகத் திறந்தால் 3,000 லிட்டருக்கு மேல் இறக்கும். ஆகவே வால்வை மூட மூட, பெட்டியின் மட்டம் மெல்ல ஏறும். கால் சுற்று, சில நிமிடக் காத்திருப்பு, மறுபடி கால் சுற்று. அவசரக் குழாயின் வாயை ஒட்டி மட்டம் நின்றதும் கையை எடுத்தோம். டிவி சத்தம் கேட்டது.

பிறகு சுவிட்சை அணைத்தோம். ரிட்டர்ன் நாஸிலின் வாய் இப்போது ஓடும் மட்டத்துக்கு 2 செ.மீ. மட்டுமே கீழே. கணக்குப்படி மேலிருந்து 10.7 லிட்டர், பெட்டியிலிருந்து 4, குழாயும் ஸ்கிம்மரும் 4. சுமார் 19 லிட்டர் வர வேண்டும். சம்ப்பில் விளிம்புக்கு 2 செ.மீ. கீழே வரை எடுத்துக்கொண்டால் இப்போது 43 லிட்டருக்கு இடம் இருக்கிறது. மட்டம் ஏறி நின்ற இடத்தில் டேப் ஒட்டினோம். அந்த டேப் இன்னும் இருக்கிறது. ஓடும்போது பம்ப் அறையை எவ்வளவு வரை நிரப்பலாம் என்று இன்னொரு டேப்பும்.

மறுபடி போட்டதும் முதல் ஒரு நிமிடம் அவசரக் குழாய் சளசளத்தது, சைஃபன் காற்றை வெளியே தள்ளியது, பிறகு அடங்கியது. யாரும் கை வைக்காமல் தானே அடங்கினால்தான் தேறியதாக அர்த்தம். மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்து கேட் வால்வை முழுக்க மூடினோம். பம்ப் தள்ளியதெல்லாம் முக்கால் இஞ்ச் வழியாகவே இறங்கியது. வாய் மூழ்கியதும் அதுவும் சைஃபனாகி 1,640 லிட்டரையும் விழுங்கியது. மேல்தொட்டியில் மட்டம் ஒரு செ.மீ.கூட ஏறவில்லை. சத்தம் மட்டும் பக்கத்து அறைவரை.

டாப்-அப் எனும் பொறி

கடைசிச் சோதனைக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கத் தயங்கினார். இரண்டு வடிகாலும் ஒரே நேரத்தில் அடைத்தால் என்ன ஆகும்? பம்ப் தன் அறையிலுள்ள நீரை மட்டுமே மேலே தள்ள முடியும். மட்டம் 18-லிருந்து 6 செ.மீ.க்கு இறங்கியதும் காற்றை உறிஞ்சி நின்றுவிடும்: 12 செ.மீ., அந்த அறையின் பரப்பில் 11.4 லிட்டர். மேல்தொட்டியில் ஓடும் மட்டத்துக்கு மேல் விளிம்புவரை 4 செ.மீ., 21 லிட்டருக்கு இடம். வழியாது. பம்ப் அறையை வேண்டுமென்றே சின்னதாக வைப்பதன் பயன் இது.

இங்கேதான் தானியங்கி டாப்-அப் குறுக்கே வருகிறது. இந்தத் தொட்டியில் ஃபேன் ஓடும் நாட்களில் ஏறக்குறைய 5 லிட்டர் ஆவியாகிறது; பம்ப் அறையில் அது 5 செ.மீ.க்கு மேல். ஆகவே சென்சார் வைத்து, 20 லிட்டர் கேனிலிருந்து ஆர்.ஓ. நீர் தானே வரும்படி வைத்திருந்தார். வடிகால் அடைபட்டு பம்ப் அறை காலியாகும்போது சென்சாருக்கு அது ஆவியானதாகத்தான் தெரியும். நன்னீரை விடும். பம்ப் அதையும் மேலே தள்ளும். 11.4-ஓடு 20 சேர்ந்தால் 31 லிட்டர், இடமோ 21. தரைக்கு வெள்ளம், பவளத்துக்கு நன்னீர், இரண்டும் ஒரே இரவில்.

கேனைச் சிறிதாக்கலாம், ஆனால் ஊருக்குப் போனால் இரண்டு நாளில் காலி. டாப்-அப் பம்ப்பை டைமரில் போட்டோம்: நாளுக்கு நான்கு முறை மட்டும் திறக்கும், ஒவ்வொரு முறையும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வராது. தினத் தேவைக்கு அது தாங்கும். கோளாறு ஒன்று நேர்ந்தால் ஒரே மூச்சில் கேன் காலியாகாது.

இப்போது

எக்ஸ்டென்ஷன் போர்டு கேபினெட்டின் மேல்பக்கச் சுவரில் ஏறிவிட்டது. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன் ஒரு தொங்கல் விட்டு ஏறுகிறது, வழியும் சொட்டு பிளக்கைத் தொடாமல் கீழே விழ. சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார். மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் அவசரக் குழாய் சளசளத்தது. கேட் வால்வை முழுக்கத் திறந்து சில விநாடி ஓடவிட்டதும் பாசிக் கொத்து ஒன்று சாக்கில் வந்து விழுந்தது. வால்வு பழைய இடத்துக்குத் திரும்ப, எத்தனை சுற்று என்று கைப்பிடிக்கு அருகில் எழுதி வைத்திருந்தது உதவியது. என்.ஆர்.வி.யைத் திரும்பப் போடவில்லை.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் பேச்சு நடக்கிறது. வாங்கினால் அதற்குத் தனிச் சின்ன பம்ப், சம்ப்பிலிருந்து எடுத்து சம்ப்பிலேயே விடும்படி. ரிட்டர்ன் குழாயில் அதைத் தொடுத்தால் ஓட்டம் மாறும், ஹெர்பியின் வால்வை மறுபடி முதலிலிருந்து திருத்த வேண்டும்.

ரிட்டர்ன் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிட்டோம். இன்வெர்ட்டரில் இப்போது ஒரு வேவ்மேக்கர் மட்டும். சில வாட்டில் ஓடும் அது மீன்களுக்கு மூச்சு தரும், பேட்டரியும் விடியும்வரை தாங்கும். மின்சாரம் போகும்போதெல்லாம் பம்ப் நிற்கிறது, தண்ணீர் டேப் ஒட்டிய இடம்வரை இறங்குகிறது, மின்சாரம் வந்ததும் ஏறுகிறது.

"அது பாட்டுக்கு நிக்குது, அது பாட்டுக்கு ஓடுது. ராத்திரி எந்திரிச்சுப் பாக்கறதே இல்ல" என்றார் வீட்டம்மா. கீழ் வீட்டுக் கறைக்கு வெள்ளையடித்த செலவு இவர்களுடையது.